கூச்சலும் கையெழுத்தும்

கிராம சபைக்குப் போய்வந்தோம் என்று சொன்னால் நம் இலக்கிய நண்பர்களின் முகத்தில் ஒரு புன்னகை தோன்றும். 'சந்தைக்கடை மாதிரி இருந்திருக்குமே!' என்பது அந்தப் புன்னகையின் உரை. ஆம், சந்தைக்கடை மாதிரிதான் இருந்தது. அதை மறுப்பது எங்கள் நோக்கமன்று. ஆனால், அது எப்படி அந்தச் சபையின் மீதான குற்றச்சாட்டாக மாறியது, அதனால் யாருக்கு லாபம் என்பவைதான் எங்கள் கேள்விகள்.

எங்கள் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 2024 ஆகஸ்ட் 15 அன்று நாங்கள் கலந்துகொண்ட கிராம சபையில் உண்மையில் இரண்டு சபைகள் நடந்தன. ஒன்று பந்தலுக்குக் கீழே, பெருங்கூச்சலோடு நடந்தது. மற்றொன்று மேசைமேலிருந்த தீர்மானப் புத்தகத்துக்குள், சத்தமே இல்லாமல் நடந்தது. முதலாவதில் ஒழுங்கு இல்லை, ஆனால் ஊர் இருந்தது. இரண்டாவதில் ஒழுங்கு மட்டுமே இருந்தது. படித்தவர்களாகிய நாம் முதலாவதைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். இரண்டாவதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அந்த இரண்டாவதில் எங்கள் கையெழுத்தும் இருந்தது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

*

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். தென்காசி மாவட்டம் செங்கோட்டை வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வடகரை. மேற்கே மேக்கரை, அதற்கும் மேலே அனுமன் நதியின் குறுக்கே அடவிநயினார் அணை. நெல், தென்னை, வாழை, மா என்று பச்சை மாறாத வட்டாரம். குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் இங்கும் சாரல் விழும். மலையிலிருந்து தண்ணீர் இறங்கிவருகிறது. அதே வழியில் யானையும் இறங்கிவருகிறது.

வடகரை ஒரு பேரூராட்சி. பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபையைக் கிராம ஊராட்சிகளுக்கே வைத்திருக்கிறது. நாங்கள் மூவரும் வடகரைக்கு அருகிலுள்ள ஓர் ஊராட்சியின் வாக்காளர்கள். அதன் பெயர் இங்கே தேவையில்லை. நாங்கள் சொல்லப்போகும் குறை அந்த ஓர் ஊராட்சிக்கு மட்டும் உரியதென்று நாங்கள் நம்பவில்லை. ஒரே மலைத் தண்ணீர் இரண்டு ஊர் வயலுக்கும் பாய்கிறது. ஒரே யானை இரண்டு ஊர்த் தென்னையையும் சாய்க்கிறது. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு ஆண்டில் ஆறு நாள் சபை உண்டு. அந்தப் பக்கம் நிற்பவருக்கு இல்லை. அந்த ஆறு நாட்களைத்தான் நாம் சந்தைக்கடை என்று தள்ளிவைத்திருக்கிறோம்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றிருந்த நான்கு நாட்களோடு, மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்க்கப்படும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் இச்சபையின் உறுப்பினர். இதற்கு யாரும் நம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, நியமிக்கவும் வேண்டியதில்லை. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நாம் ஆளை அனுப்புகிறோம். கிராம சபை ஒன்றுக்குத்தான் நாமே போகிறோம். ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தரும் இடம், நடந்த பணிகளைக் கேள்வி கேட்கும் இடம் என்று சட்டம் இதை வரையறுக்கிறது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2016 அக்டோபரில் தமிழகத்தின் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு அது 2021 அக்டோபரில்தான் நடந்தது. இடையில் முழுதாக ஐந்து ஆண்டுகள், ஒரு பதவிக்காலத்தின் நீளம், எங்களுக்கு ஊராட்சித் தலைவர் இல்லை. தனி அலுவலர் இருந்தார். அந்த ஐந்தாண்டில் ஊர் அமைதியாகத்தான் இருந்தது. அமைதியை விரும்புகிறவர்கள் அந்த ஐந்தாண்டை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

*

ஆகஸ்ட் 15 காலை. கொடியேற்றி மிட்டாய் கொடுத்தாயிற்று. பள்ளிக்கூடத்து மைதானத்தில் துணிப்பந்தல். சாரல் பந்தலில் விழுந்து ஓரங்களில் ஒழுகிக்கொண்டிருந்தது. முன்னால் மேசையும் பிளாஸ்டிக் நாற்காலிகளும். அவை தலைவருக்கும் அலுவலர்களுக்கும். எதிரே விரித்த தார்ப்பாயில் பெண்கள். பெரும்பாலும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். 'சபைக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க' என்று சொல்லி அழைத்துவரப்பட்டவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. ஆண்கள் பந்தலுக்கு வெளியே, குடையோடும் துண்டோடும், வேலியோரமாக. எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை மூவாயிரத்துக்கு மேல், பத்தாயிரத்துக்குள். அந்த அளவுக்கு விதி கேட்கும் குறைவெண் 200 பேர். இருநூறு பேர் வந்திருந்தார்களா என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வருகைப் பதிவேட்டில் இருநூறு கையெழுத்து வந்துவிட்டதா என்பதுதான் அங்கே கவலையாக இருந்தது.

நுழைந்ததும் எங்கள் கையில் ஒரு நோட்டு வந்தது. முந்தைய பக்கங்களில் பெயர்களும் கையெழுத்துகளும் கைநாட்டுகளும் வரிசையாக இருந்தன. பக்கத்தின் மேற்பகுதி வெறுமையாக இருந்தது. 'இங்க போடுங்க சார்' என்றார் நோட்டை வைத்திருந்த தம்பி. போட்டோம். மூவரும் போட்டோம். முதுகலைப் பட்டம் பெற்றவர்கள். ஒரு சிறுகதையில் ஓர் ஒற்றெழுத்து இடம் மாறினால் மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள். எதற்குக் கீழே கையெழுத்திடுகிறோம் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பிறகு வாசிப்புத் தொடங்கியது. ஊராட்சிச் செயலர் ஒரு தாளைப் பார்த்து வேகமாக வாசித்தார். டெங்கு தடுப்பு, குடிநீர்த் தொட்டி பராமரிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான வரவு செலவு. ஒலிபெருக்கி கீச்சிட்டது. பாதி எண்கள் சாரலில் கரைந்தன. நான்காவது பொருளை வாசித்துக்கொண்டிருக்கும்போது தார்ப்பாயிலிருந்து ஒரு குரல் வந்தது: "மொதல்ல எங்க தெருவுக்குத் தண்ணிய விடுங்க, பொறவு டெங்குவப் பேசுங்க."

அவ்வளவுதான். அணை உடைந்தது. எந்தத் தெருவில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பதில் தொடங்கி, எரியாத விளக்கு, சாக்கடை, தூர்வாரியதாகச் சொல்லப்பட்ட வாய்க்கால், யார் வீட்டுக்கு முதலில் சாலை போட்டார்கள் என்பதுவரை எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தது. ஒரு கட்சிக்காரர் தலைவருக்கு ஆதரவாகக் கத்தினார். மறு கட்சிக்காரர் அவரைப் பார்த்துக் கத்தினார். ஒலிபெருக்கியை ஒருவர் பிடுங்க, இன்னொருவர் பிடுங்கினார். நாற்காலி ஒன்று சாய்ந்தது. இரண்டு பேர் நெஞ்சோடு நெஞ்சு மோதினார்கள். "ஏ, விடுலே" என்று நாலு பேர் விலக்கினார்கள். 'அமைதி, அமைதி' என்று மேசையிலிருந்து வந்த குரலே அந்தப் பந்தலில் மிகப்பெரிய சத்தமாக இருந்தது.

இதற்கிடையில் வேலியோரமாக நின்ற ஒரு பெரியவர் பந்தலுக்குள் வந்தார். வயது எழுபது இருக்கும். சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் மடித்து மடித்துக் கிழிந்த மனு நகல்கள். "ஆனை எறங்கி என் தோப்புல பதினாறு தென்னைய முறிச்சுப் போட்டுட்டு. எல்லாம் காய்க்கிற மரம். நாலு எடத்துல மனு குடுத்தாச்சு. இந்தச் சபையில ஒரு தீர்மானம் போட்டுத் தாங்க, அகழி வெட்டணும்னு" என்றார். மேசையிலிருந்து பதில் வந்தது: "அண்ணாச்சி, அது வனத்துறை விஷயம். இங்க பேச முடியாது."

அப்போது தார்ப்பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தார். "எங்க கையெழுத்து மட்டும் இங்க வேணும். எங்க பேச்ச மட்டும் வேற எங்கயாவது போயி பேசணுமா?"

கூச்சல் ஒரு கணம் நின்றது. பிறகு இரண்டு மடங்காக எழுந்தது. இந்த முறை ஆண்களும் பெண்களும் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பக்கம். யானைக்குக் கட்சி இல்லை. கால்மணி நேரத்துக்குப் பிறகு, 'சரி, எழுதிக்கிறோம்' என்று மேசை இறங்கிவந்தது. தேநீர் வந்தது. கூட்டம் கலைந்தது.

நாங்கள் கலையவில்லை. தீர்மானப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றோம். சற்றுத் தயக்கத்துக்குப் பின் காட்டினார்கள். அன்றைய தீர்மானங்கள் அழகான கையெழுத்தில், வரிசை எண்ணோடு, ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும் 'ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது' என்றிருந்தது. கூட்டம் தொடங்குமுன்பே ஊர் ஒருமனதாகிவிட்டிருக்கிறது! யானை அதில் இல்லை. தண்ணீர் இல்லை. தூர்வாராத வாய்க்கால் தூர்வாரப்பட்டிருந்தது. இவை அனைத்துக்கும் சாட்சியாக, வெற்றிடம் விட்டு வாங்கப்பட்ட கையெழுத்துகள். அவற்றில் எங்களுடையவை மூன்று.

அந்தப் பெரியவரின் தீர்மானம் கடைசிப் பக்கத்தில் எழுதப்படும்வரை அங்கேயே நின்றோம். எழுதினார்கள். அதற்கு எண்ணும் இட்டார்கள். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு வீரமாகத் தோன்றியது இன்று நினைத்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. யானையைப் புத்தகத்துக்குள் கொண்டுவந்தது கூச்சல். நாங்கள் செய்ததெல்லாம் அந்தக் கூச்சலுக்குக் கொஞ்சம் எழுத்தறிவைக் கடன் கொடுத்ததுதான். அதற்கு முன்பே அந்தப் பொய்க்கு மூன்று கையெழுத்தைக் கொடுத்திருந்தோம்.

*

இங்கே மூன்று வகையான எதிர்வாதிகள் எழுவார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாமவர் ஒழுங்கின் ரசிகர். 'ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கும் பண்பு இல்லாத மக்களுக்குச் சபை எதற்கு?' என்பார். இவரை அழைத்துக்கொண்டு நாம் ஐம்பது ஆண்டு பின்னோக்கிப் போகலாம். அப்போதும் ஊர்க்கூட்டம் இருந்தது. கோயில் வாசலில் அல்லது ஆலமரத்தடியில் அது கூடும். அங்கே கூச்சல் இல்லை. ஒருவர் பேசினால் மற்றவர்கள் கேட்டார்கள். யார் பேசலாம், யார் கைகட்டி நிற்க வேண்டும், யார் எட்டி நிற்க வேண்டும், யார் வரவே கூடாது என்பதெல்லாம் முன்பே தீர்ந்திருந்ததால் அங்கே கூச்சலுக்கு வேலையில்லை. பெண்கள் வரவில்லை. சேரியிலிருந்து வந்தவர்கள் தீர்ப்பைக் கேட்க வந்தார்கள், சொல்ல வரவில்லை. நாம் ஏங்கும் அந்தப் பழைய கிராமத்து அமைதி இதுதான்.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று கிராமத்தை அறியாமையின் குகை என்று அம்பேத்கர் சாடியது இந்த அமைதியைக் கண்டுதான். அந்த மாதமே சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கே. சந்தானம் முன்மொழிந்த திருத்தத்தின் வழியே கிராமப் பஞ்சாயத்து வழிகாட்டு நெறிகளில் நுழைந்தது, இன்றைய 40ஆவது பிரிவாக. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு அரசியல் சட்டத்தில் இடம் தந்ததோடு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இட ஒதுக்கீட்டையும் சேர்த்தே கொண்டுவந்தது. அதாவது, அம்பேத்கரின் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லாமல் ஊருக்கு அதிகாரம் தர முடியாது என்பதை நாடு தாமதமாகவேனும் ஒப்புக்கொண்டது.

அந்த ஒதுக்கீட்டுக்குப் பழைய அமைதி என்ன விலை கேட்டது என்பது நமக்குத் தெரியும். மேலவளவு முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் முறையாகத் தேர்தல் நடத்தி முடிக்க 2006 அக்டோபர் வரை பத்தாண்டு ஆயிற்று. நம் பழைய நெல்லை மாவட்டத்திலேயே தாழையூத்து ஊராட்சித் தலைவியாக இருந்த கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டப்பட்டு உயிர் பிழைத்தார். இத்தனைக்கும் பிறகு, தார்ப்பாயிலிருந்து ஒரு பெண் எழுந்து மேசையைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார் என்றால், அது நமக்குக் கூச்சலாகக் கேட்கிறது என்றால், பழுது நம் காதில்தான். பேசியே பழகாதவர்கள் முதன்முதலில் பேசும்போது வரிசை பார்த்துப் பேசுவதில்லை. வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்டவர்களுக்கு வரிசையின் மேல் என்ன மரியாதை இருக்க முடியும்?

இரண்டாமவர் பழம்பெருமைக்காரர். இவருக்குக் கிராம சபை என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு, குடவோலை முறை, 'உலகுக்கே ஜனநாயகத்தைக் கற்பித்த தமிழன்' என்று தொடங்குவார். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் அடிக்கல் நாட்டு விழாவில் பிரதமரும் உத்திரமேரூரைக் குறிப்பிட்டார். ஆக, இந்தப் பெருமைக்கு இப்போது தில்லி வரை செல்வாக்கு. அந்தக் கல்வெட்டை மதிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முழுதாக மதியுங்கள் என்கிறோம். அது ஒரு பிரமதேய ஊரின் சபை. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி என்றெல்லாம் தகுதி கேட்டது. எங்கள் தார்ப்பாயில் இருந்தவர்களில் ஒருவர்கூட அந்தக் குடத்துக்குள் ஓலையாகியிருக்க முடியாது.

ஆனால் அதே கல்வெட்டில் ஒரு விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினர்களும் மறுபடி தேர்வுக்கு உரியவர்கள் அல்லர் என்பது அது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பு கல்லில் வெட்டப்பட்ட இந்த ஒரு விதியை இன்று ஊர்தோறும் பலகையில் எழுதி வைப்போமா? மாட்டோம். குடவோலை மேடைக்கு வேண்டும். கணக்கு மட்டும் சாரலில் கரைய வேண்டும்.

மூன்றாமவர் யதார்த்தவாதி. 'கிராம சபைத் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு? குப்பைக்கூடைக்குப் போகும் தாள்' என்பார். மூவரில் இவர்தான் கொஞ்சமாவது உண்மைக்கு அருகில் இருக்கிறார். தீர்மானம் போட்டவுடன் யானைக்கு அகழி தோன்றிவிடுவதில்லை. ஆனால் ஒடிசாவின் நியமகிரி மலையை நினைத்துப் பாருங்கள். பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளைக் கேளுங்கள் என 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டு கூடிய பன்னிரண்டு சபைகளும், டோங்ரியா கோந்த் மக்களின் சபைகள் உட்பட, வேண்டாம் என்றன. வேதாந்தாவின் சுரங்கம் அந்த மலைக்கு வரவில்லை. அங்கே வன உரிமைச் சட்டம் துணைக்கு இருந்தது, இங்கே இல்லையே என்பீர்கள். சரி, மேலூர் வட்டத்துக்கு வாருங்கள். அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் அந்தப் பகுதிக் கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றின. பிறகு டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம், ஜனவரியில் மதுரையை நோக்கிய மக்களின் நடைப்பயணம். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் தனியாக எதையும் சாதிக்கவில்லை. ஆனால் தனித்தனி மனுவாக இருந்த கோபத்துக்கு அது எண்ணும் தேதியும் முத்திரையும் கொடுத்தது. அந்தப் பெரியவர் நான்கு இடத்தில் கொடுத்த மனு, ஒரு கிழவரின் மனு. தீர்மானமாகி எண் பெற்ற பின் அது ஊரின் சொல்.

தீர்மானம் வெறும் தாள் என்றால் அதைக் கண்டு அரசுகள் ஏன் அஞ்சுகின்றன? 2020 அக்டோபர் 2 அன்று நடக்கவிருந்த கிராம சபைகளைக் கொரோனாவைக் காரணம் காட்டி முந்தைய நாள் ரத்து செய்தது அன்றைய மாநில அரசு. எதிர்க்கட்சியாக இருந்தவர்கள் தடையை மீறிச் சபை கூட்டினார்கள். ஆளும்போது சபையைக் கண்டு கூசுவதும் எதிர்க்கட்சியானதும் அதைக் கட்டித் தழுவுவதும் எல்லாக் கட்சிக்கும் பொதுவான வழக்கம்தான். யாருக்கும் தேவையில்லாத ஒரு தாளுக்காக இத்தனை நாடகம் நடக்காது.

நம் கூச்சலைக் கண்டு வெட்கப்படுகிறவர்கள் உலகத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கட்சிக்காரர்கள் பள்ளிக்கூடத்திலும் சமூகக்கூடத்திலும் கூடி, தம் வேட்பாளருக்கென ஒதுக்கிய மூலையில் போய் நின்று தலையெண்ணி முடிவு செய்யும் கூட்டமுறை ஒன்று இருந்தது. 2020 பிப்ரவரி 3 அன்று ஜனநாயகக் கட்சி நடத்திய அத்தகைய கூட்டத்தில், முடிவை அனுப்ப வைத்திருந்த செயலி கைவிட்டது. யார் வென்றார் என்று அன்றிரவு யாராலும் சொல்ல முடியவில்லை. சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் இன்னர்ரோடனில் மக்கள் திறந்தவெளியில் கூடிக் கையுயர்த்தி முடிவெடுக்கும் சபை நூற்றாண்டுகளாக நடக்கிறது. படம் பிடிக்க ஏற்ற ஒழுங்கு. அந்த அழகான சபை பெண்களை உள்ளே விட மறுத்துக்கொண்டே இருந்தது. 1990இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. குழப்பமான கூட்டம் எது, கோளாறான கூட்டம் எது என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

*

இனி நம்மைப் பற்றி. இதுவரை 'நாங்கள்' என்று எழுதியது அன்று போன மூவர். 'நாம்' என்று எழுதுவது சிற்றிதழ் வாசிப்பவர்கள், எழுதுகிறவர்கள் எல்லோரும்.

நம் வட்டாரத்துக்கு ஓர் இலக்கியப் பெருமை உண்டு. ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டி திருநெல்வேலியில் கூடியது. பின்னர் அவர் குற்றாலத்திலேயே வாழ்ந்தார். கவிதையைக் கூடியிருந்து அனுபவிப்பது எப்படி என்று அந்தச் சபை காட்டியது என்று இன்றும் சொல்லி மகிழ்கிறோம். மகிழ்வதில் தவறில்லை. ஆனால் கூடிப் பேசுவதை இவ்வளவு கொண்டாடும் நாம், ஊர் கூடிப் பேசும் இடத்தில் ஏன் இல்லை? விளிம்புநிலை மக்களின் குரல் என்று கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கிறோம். அதே குரல் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டு பேசினால் சந்தைக்கடை என்கிறோம். கிராமத்தின் மௌனத்தைப் பற்றி நம்மிடம் எத்தனையோ கதைகள் இருக்கின்றன. கிராமத்தின் இரைச்சலை எழுத நமக்கு இன்னும் மொழி கூடவில்லை.

நாம் வராததால் யாருக்கு லாபம் என்ற முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். கையெழுத்துப் போடத் தெரிந்தும் படித்துப் பார்க்க நேரமில்லாதவர்களும், படித்துப் பார்க்க முடியாதவர்களும் மட்டுமே வரும் சபையில், தீர்மானப் புத்தகத்தை யாரும் புரட்டப்போவதில்லை. புத்தகத்தைப் புரட்டத் தெரிந்தவர்கள் வீட்டிலிருந்து ஒழுங்கைப் பற்றிக் கவலைப்படுவார்கள். இதைவிட வசதியான ஏற்பாடு எந்த ஊழலுக்கும் கிடைக்காது. மேசையில் இருப்பவர்களை மட்டும் குற்றம் சொல்லி இதை முடித்துவிட முடியாது. ஒரே நாளில் இத்தனை பொருளை வாசித்து முடிக்க வேண்டும் என்று மேலிருந்து பட்டியல் வருகிறது. முடித்துவிட்டோம் என்று அறிக்கையும் படமும் அனுப்பியாக வேண்டும். ஊர் பேச நினைப்பது அந்தப் பட்டியலில் இல்லாததால்தான் அது கூச்சலாக வெளியே வருகிறது.

எங்கள் கோரிக்கைகள் எளியவை. தீர்மானம் சபையில் எழுதப்பட வேண்டும், சபைக்கு முன்பு அன்று. எழுதியது சபையில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். வாசித்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். வருகைப் பதிவு தனி, தீர்மானத்துக்கான ஒப்பம் தனி. வரவு செலவு வாயால் வாசிக்கப்படாமல் பலகையில் எழுதி நிறுத்தப்பட வேண்டும். முந்தைய சபையின் ஒவ்வொரு தீர்மானமும் என்ன ஆயிற்று என்பதே அடுத்த சபையின் முதல் பொருளாக இருக்க வேண்டும். எல்லைக்கல்லுக்கு அப்பால் இருக்கும் வடகரைக்காரருக்கும் இதே உரிமை வேண்டும். இவற்றுக்காக ஒரு புரட்சி தேவையில்லை. ஒவ்வோர் ஊரிலும் படிக்கத் தெரிந்த நான்கு பேர், ஆண்டில் ஆறு நாள், தார்ப்பாயில் உட்கார்ந்தால் போதும்.

2024 அக்டோபர் 2 சபைக்கும் போனோம். நோட்டு வந்தது. 'எல்லாம் வாசிச்ச பொறவு போடுதோம் தம்பி' என்றோம். பக்கத்திலிருந்த பெண், "அப்ப நானும் பொறவு போடுதேன்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்குப் பக்கத்திலிருந்தவரும் அப்படியே. பன்னிரண்டு பேர் வரை அந்த நோட்டு கையெழுத்தில்லாமலே நகர்ந்தது. பதின்மூன்றாமவர் போட்டுவிட்டார். அன்றும் புத்தகம் முன்கூட்டியே எழுதப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் பாதிப் பக்கம் காலியாக விடப்பட்டிருந்தது. யானைத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று பெரியவர் கேட்டார். மேலே அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். அனுப்பிய தேதியையும் எண்ணையும் கேட்டோம். தேடித் தந்தார்கள். பெரியவர் அதைத் தன் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார். அகழி இன்னும் வரவில்லை.

எங்கள் ஊருக்குத் தெற்கே நீளும் மலைக்குப் பொதியில் என்றும் பெயர். பழந்தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: பொது இல், ஊர் கூடும் இடம். அங்கே கூடியவர்கள் மெதுவாகத்தான் பேசினார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.